இலவசம் வேறு, திறந்த நூல் வேறு: சமூகப்பணிப் பாடநூல்கள் குறித்த ஒரு விவாத இழை

ஜூன் 3 – வாசகர் கேள்வி

முதுநிலைச் சமூகப்பணி வகுப்புக்கு ஆராய்ச்சி முறையியலும் தனிநபர் சமூகப்பணியும் கற்பிக்கிறேன். திறந்த பாடநூல் பற்றி இப்போது எங்கும் பேச்சாக இருக்கிறது. நான் பத்து ஆண்டுகளாகத் தேவையான அத்தியாயங்களை ஸ்கேன் செய்து மாணவர்களுக்குப் பி.டி.எஃப். கோப்பாக அனுப்பி வருகிறேன். அவர்களுக்கு ஒரு செலவும் இல்லை. இதற்கு மேல் திறந்த பாடநூல் என்ன தந்துவிடப் போகிறது? தவிர, நம் பாடத்தின் உயிர் நேர்வுகளில்தான், அதாவது சேவை பெற்ற மனிதர்களின் வாழ்க்கையை விவரிக்கும் எடுத்துக்காட்டுகளில்தான், இருக்கிறது. அவற்றை உலகமே படிக்கும்படி இணையத்தில் வைப்பது முறையா?

ஜூன் 3, இரவு

முதல் கேள்விக்கு இப்போதே பதில் எழுதுகிறேன். இரண்டாவது, நான் ஒருமுறை தவறு செய்த இடம். அதை எழுதச் சில நாட்கள் ஆகும்.

ஸ்கேன் பிரதி மாணவருக்குச் செலவில்லாமல் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தக் கோப்பில் ஒரு வரியைத் திருத்தி அடுத்த ஆண்டு மாணவர்களுக்குக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. அதைப் பெற்ற மாணவர் நாளை ஒரு நிறுவனத்தில் பணியில் சேர்ந்து, தம் சக பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்க அதைப் பயன்படுத்தவும் உரிமை இல்லை. பல நேரங்களில் ஸ்கேன் செய்து அனுப்புவதற்கேகூட உரிமை இருப்பதில்லை. 'திறந்த கல்வி வளங்கள்' என்ற பெயர் 2002இல் யுனெஸ்கோ கூட்டிய கருத்தரங்கில் உருவானது; அதே ஆண்டு டிசம்பரில் படைப்புகளைப் பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் உரிமங்களை வகுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் முதல் உரிமங்கள் வெளிவந்தன. ஒரு நூலைத் திறந்த நூல் என்று சொல்ல வேண்டுமானால் அதைப் பெறுபவருக்கு எந்தெந்த அனுமதிகள் இருக்க வேண்டும் என்பதை கல்வியாளர் டேவிட் வைலி ஐந்தாக வகுத்தார்: தன்னிடம் வைத்துக்கொள்ளலாம், பயன்படுத்தலாம், திருத்தலாம், வேறொன்றோடு கலக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இந்த ஐந்தில் விலை என்ற சொல்லே இல்லை.

நம் துறைக்கு இவற்றுள் திருத்தும் அனுமதிதான் முதன்மையானது. நிலையியற்பியலின் சமன்பாடு எந்த வகுப்பறையிலும் அப்படியே நிற்கும். குழந்தைப் பாதுகாப்பு பற்றிய அத்தியாயம் அப்படி நிற்காது; சட்டம் மாறினால் மாற வேண்டும், குடும்பம் என்ற சொல்லின் பொருள் மாறினால் மாற வேண்டும். நான் கற்பித்த அச்சு நூலில் குடும்ப மதிப்பீட்டு அத்தியாயத்தில் வந்த குடும்பங்கள் அனைத்தும் தந்தை, தாய், இரண்டு குழந்தைகள் என்ற அமைப்பில் இருந்தன. என் வகுப்பில் பாட்டியால் வளர்க்கப்பட்டவர்கள் இருந்தார்கள். காப்பகத்தில் வளர்ந்தவர்கள் இருந்தார்கள். "இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்" என்று ஏழு ஆண்டுகள் வாயால் சொல்லிக்கொண்டே இருந்தேன். திறந்த நூல் கைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாதபடி அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதியதுதான்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். சமூகப்பணியின் உலகளாவிய வரையறையைப் பன்னாட்டுச் சமூகப்பணியாளர் கூட்டமைப்பும் சமூகப்பணிக் கல்விநிலையங்களின் பன்னாட்டுச் சங்கமும் 2014 ஜூலையில் மெல்போர்னில் ஏற்றுக்கொண்டன. 2000ஆம் ஆண்டின் வரையறையில் இல்லாத கூட்டுப்பொறுப்பும் தொல்குடி அறிவும் அதில் இடம்பெற்றன. தேசிய அளவிலும் வட்டார அளவிலும் அதை விரித்து எழுதிக்கொள்ளலாம் என்ற வரியும் அதனுள்ளேயே இருக்கிறது. தொழிலின் வரையறையே பிறர் சேர்த்து எழுத இடம் விட்டிருக்கும்போது, அந்தத் தொழிலைக் கற்பிக்கும் நூல் ஒரு எழுத்தையும் தொடக்கூடாது என்று பூட்டப்பட்டிருப்பது எனக்குப் பொருந்தாததாகவே தோன்றுகிறது. பழைய வரையறையைத் தாங்கிய அச்சு நூல் அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். திறந்த நூலில் ஒரே மாலையில் மாற்றிவிடலாம்.

ஜூன் 5

மேலே கடைசியில் எழுதிய "ஒரே மாலையில்" என்பது தவறு, திருத்திக்கொள்கிறேன். எங்கள் குழு எழுதி வரும் திறந்த நூலில் வரையறையை மாற்றியது மாலை வேலைதான். ஆனால் அந்தப் பழைய வரையறையை நம்பி எழுதப்பட்ட மூன்று பயிற்சிகளும், ஆசிரியர் கையேட்டில் ஒரு முழுப் பக்கமும், வினாத் தொகுப்பில் ஒன்பது வினாக்களும் பொருளற்றுப் போனதை இரண்டு வாரம் கழித்து ஒரு மாணவர் சுட்டிக்காட்டிய பிறகே கண்டோம். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மாணவர் படித்த பக்கம் ஒன்றாகவும் வினாத்தாளில் வந்தது வேறாகவும் இருந்தது.

அதன் பிறகு வைத்துக்கொண்ட வழக்கம் இது: பருவம் நடந்துகொண்டிருக்கும்போது எழுத்துப்பிழை தவிர எதையும் தொடுவதில்லை. பெரிய மாற்றங்கள் ஆண்டுக்கு ஒருமுறை பதிப்பு எண்ணோடு வரும். என்ன மாறியது என்பது முன்பக்கத்தில் பட்டியலாக இருக்கும். பழைய பதிப்பும் அதன் முகவரியிலேயே தொடர்ந்து கிடைக்கும். திருத்தும் உரிமையோடு, திருத்தியதை அறிவிக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது.

ஜூன் 8

எந்த உரிமத்தைத் தேர்வது என்று இருவர் கேட்டிருந்தீர்கள். என் அனுபவத்திலிருந்து மட்டும் சொல்கிறேன்.

பெயர்சுட்டல் மட்டும் கோரும் உரிமம் எளிதானது; எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு எதையும் செய்யலாம். 'மாற்றம் கூடாது' என்ற நிபந்தனை உள்ள நூல் நமக்குப் பயன்படாது. மொழிபெயர்ப்பும் ஒரு மாற்றமே என்பதால், அப்படிப்பட்ட நூலை மொழிபெயர்த்து வெளியிட முடியாது. தமிழில் கற்பிக்க விரும்புபவர்கள் இந்த ஒரு நிபந்தனையை முதலில் பார்க்க வேண்டும். நூல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் கதவு மூடியதுதான்.

எங்கள் குழு இடறியது வேறோர் இடத்தில். 'அதே உரிமத்தில் பகிர்க' என்ற நிபந்தனை உள்ள ஒரு மூலத்தையும், அதே நிபந்தனையோடு 'வணிகம் கூடாது' என்பதையும் சேர்த்து வைத்திருந்த இன்னொரு மூலத்தையும் ஒரே அத்தியாயத்தில் பின்னிவிட்டோம். முதலாவது, விளையும் நூலைத் தன் உரிமத்திலேயே வெளியிடச் சொல்கிறது. இரண்டாவதும் தன் உரிமத்திலேயே வெளியிடச் சொல்கிறது. இரண்டும் வெவ்வேறு உரிமங்கள் என்பதால் இரண்டு கட்டளைகளையும் ஒரே நூலில் நிறைவேற்ற வழியே இல்லை. நான்கு மாத உழைப்புக்குப் பிறகு அந்த அத்தியாயத்தைப் பிரித்து மீண்டும் எழுதினோம். எழுதத் தொடங்கும் முன்பே ஒரு அட்டவணை போட்டு, எடுத்தாளும் ஒவ்வொரு பத்திக்கும் மூலம், உரிமம், உரிமத்தின் பதிப்பு எண், நாம் செய்த மாற்றம் ஆகியவற்றைக் குறித்து வைத்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

நன்றாக நடந்த ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. சமூகவியல் ஆராய்ச்சி முறைகள் பற்றி ஏமி பிளாக்ஸ்டோன் எழுதிய நூல் 2012இல் திறந்த உரிமத்தில் வெளிவந்தது. அதை வெளியிட்ட பிளாட் வேர்ல்ட் நாலெட்ஜ் நிறுவனம் 2013 தொடக்கத்திலிருந்து இலவச வாசிப்பை நிறுத்திக்கொண்டது. ஆனால் ஏற்கெனவே திறந்த உரிமத்தில் வெளிப்போன படிகள் அப்படியே வாழ்ந்தன. மேத்யூ டிகார்லோ அந்த நூலை அடித்தளமாகக் கொண்டு, சமூகப்பணி மாணவர்களுக்கான ஆராய்ச்சி நூலை 2018இல் வெளியிட்டார்; அதன் மீது முதுநிலை மாணவர்களுக்கான இன்னொரு நூலும் எழுந்தது. ஒருமுறை வழங்கிய உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்ற விதி இல்லாதிருந்தால் இந்த வழித்தோன்றல் நிகழ்ந்திருக்காது. எனக்கு இந்த விதியின் மீது அப்போது பெரிய நம்பிக்கை இருந்தது.

ஜூன் 9

சிறு குறிப்பு. உளநலக் கோளாறுகளின் வரையறைகளை டி.எஸ்.எம். என்ற நோயறிதல் கையேட்டிலிருந்து அப்படியே எடுத்துத் திறந்த நூலில் போட முடியாது. அதன் பதிப்புரிமை அமெரிக்க உளமருத்துவச் சங்கத்திடம் இருக்கிறது. ஒரு கோளாறின் அறிகுறிகளை நம் சொற்களில் விளக்கலாம், ஏனெனில் பதிப்புரிமை எழுதிய விதத்துக்கு உண்டே தவிர எண்ணத்துக்கு இல்லை. அளவுகோல்களிலும் இதே கவனம் வேண்டும்: மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ.-9 வினாப்பட்டியலை அனுமதி கேட்காமல் படியெடுக்கலாம். பெக் மனச்சோர்வு வினாப்பட்டியலை அப்படிச் செய்ய முடியாது. சமூகப்பணி முன்னோடி மேரி ரிச்மண்ட் 1917இல் எழுதிய சமூக நோயறிதல் நூலும், ஜேன் ஆடம்ஸ் சிகாகோவில் தாம் நடத்திய ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லத்தின் அனுபவங்களை 1910இல் எழுதிய நூலும் பதிப்புரிமைக் காலம் கடந்தவை. அவற்றின் நீண்ட பகுதிகளை அப்படியே பாடத்தில் சேர்க்கலாம். சேர்க்கிறேன். ரிச்மண்ட் தம் சேவைபெறுநர்களைக் குறிக்கும் சில சொற்கள் இன்று உறுத்தும். அவற்றை நீக்காமல், பக்கத்திலேயே குறிப்பெழுதி விவாதத்துக்கு வைப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

ஜூன் 15

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் நூலின் 6ஆம் அத்தியாயம் தனிநபர் சமூகப்பணியில் முதல் மூன்று சந்திப்புகள் பற்றியது. அதன் நடுவே ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு நேர்வு இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நானே பணியாற்றிய ஒரு குடும்பத்தைப் பற்றியது. பெயர்களை மாற்றினேன், வயதுகளை மாற்றினேன், ஊரையும் தொழிலையும் மாற்றினேன். நான் படித்த காலத்தில் கற்பித்தபடி அடையாளம் நீக்கும் வேலையை முழுமையாகச் செய்தேன் என்று நம்பினேன். அந்தக் குடும்பத்திடம் ஒப்புதல் கேட்கவில்லை. அடையாளம் நீங்கிய பிறகு ஒப்புதலுக்கு என்ன தேவை என்று எண்ணினேன்.

நான் மாற்றாமல் விட்டது நிகழ்ச்சிகளின் வரிசையை. அந்தக் குடும்பத்தில் ஒரு வாரத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்த மூன்று நிகழ்ச்சிகள்தான் அந்த நேர்வின் கற்பித்தல் மதிப்பு. அவற்றை மாற்றினால் பாடமே போய்விடும் என்று அப்படியே வைத்தேன். அந்த வரிசையை இங்கும் எழுதப் போவதில்லை. அதை அனுபவித்தவர்களுக்கு அது கைரேகை போன்றது. பெயர் எதுவாக இருந்தாலும் படித்த மறுகணமே தெரிந்துவிடும்.

நூல் வெளியாகி ஏறக்குறைய ஒரு ஆண்டுக்குப் பிறகு வேறொரு கல்வி நிறுவனத்தின் மாணவி எனக்கு நான்கு வரிகளில் மின்னஞ்சல் எழுதினார். அந்தக் குடும்பம் அவருடைய உறவினர்கள். அவர் வகுப்பில் ஆசிரியர் அந்த நேர்வைக் கொடுத்து, அதன் கீழ் நான் எழுதியிருந்த கேள்வியை விவாதிக்கச் சொல்லியிருக்கிறார். கேள்வி இது: "இப்பெண்ணின் எதிர்ப்பை நீங்கள் எவ்வாறு கையாள்வீர்கள்?" தம் அத்தையைப் பற்றி முப்பது பேர் ஒரு மணி நேரம் பேசினார்கள் என்றும், தாம் ஒரு சொல்லும் பேசாமல் உட்கார்ந்திருந்ததாகவும் அவர் எழுதியிருந்தார். எதையும் கோரவில்லை. திட்டவும் இல்லை.

அன்றே எங்கள் தளத்திலிருந்து அந்தப் பகுதியை நீக்கினேன். பிறகுதான் அதன் படிகளைத் தேடத் தொடங்கினேன். இரண்டு பாடத் தொகுப்புகளிலும் ஒரு விரிவுரைப் படவில்லைத் தொகுப்பிலும் அது சேர்க்கப்பட்டிருந்தது. மூவரும் முறைப்படியே என் பெயரைக் குறிப்பிட்டு எடுத்திருந்தார்கள். நான் கொடுத்த அனுமதியைத்தான் பயன்படுத்தினார்கள். ஜூன் 8 அன்று நான் பாராட்டி எழுதிய அதே விதி, திரும்பப் பெற முடியாத உரிமம், இங்கே என் எதிரே நின்றது. மூவருக்கும் எழுதினேன். இருவர் அந்த வாரமே நீக்கினார்கள். மூன்றாமவரிடமிருந்து பதில் வர ஐந்து வாரங்கள் ஆயின. அவரும் நீக்கினார். அவர்கள் செய்தது பெருந்தன்மையால், கட்டாயத்தால் அன்று. இன்னும் எங்கெங்கே தரவிறக்கப்பட்ட கோப்புகளில் அது இருக்கிறது என்பதை அறிய வழியில்லை.

அச்சு நூலிலும் இதே தவறு நிகழ முடியும் என்று சிலர் சொல்வார்கள். முடியும். ஆனால் அச்சு நூலின் நேர்வு நூலகத் தாங்கிகளில் மூடிக் கிடக்கிறது. அதற்குரியவர் அதைக் காணும் வாய்ப்பு குறைவு. திறந்த நூலை எழுதுவதே யாரும் எளிதாகக் கண்டடைய வேண்டும் என்பதற்காகத்தான். தேடுபொறியில் ஒரு சொற்றொடரை இட்டால் அந்தப் பக்கம் வந்து நிற்கும். எனவே பழைய நூல்களுக்குப் போதுமானதாக இருந்த அடையாள நீக்கம் இங்கே போதாது.

தகவலறிந்த ஒப்புதலின் முதல் பண்பு, அதைக் கொடுத்தவர் எந்த நாளிலும் திரும்பப் பெறலாம் என்பது. மாணவர்களுக்கு இதை முதல் பருவத்திலேயே கற்பிக்கிறோம். திறந்த உரிமத்தின் முதல் பண்பு, கொடுத்தவர் திரும்பப் பெற முடியாது என்பது. இந்த இரண்டையும் ஒரே பத்தியின் மீது வைக்க முடியாது. உயிருள்ள ஒருவரின் வாழ்க்கையைப் பற்றிய பத்திக்குத் திறந்த உரிமம் கொடுக்கக்கூடாது என்பதே இன்று என் நிலைப்பாடு. அவர் ஒப்புதல் கொடுத்தாலும்கூட.

ஜூன் 16

உரிமத்தின் முழு வாசகத்தை நேற்று இரவு மீண்டும் படித்தேன். இரண்டு இடங்களில் என்னைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களின் 4.0 பதிப்பு, அந்தரங்க உரிமை இந்த உரிமத்தால் வழங்கப்படுவதில்லை என்று தெளிவாகவே சொல்கிறது. அதாவது, அந்தப் பெண்ணின் அந்தரங்கத்தின் மீதான உரிமையை நான் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. கொடுக்கவும் முடியாது, அது என்னுடையதே அன்று. நான் கொடுத்தது என் வாக்கியங்களைப் படியெடுக்கும் உரிமையை மட்டுமே. ஆகவே "முறைப்படியே எடுத்திருந்தார்கள்" என்று நேற்று எழுதியது பாதி உண்மைதான். ஆனால் இந்த வேறுபாடு வழக்கறிஞருக்குப் பயன்படும்; வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருந்த மாணவிக்குப் பயன்பட்டிருக்காது.

இரண்டாவது: எழுதியவர் கேட்டால், இயன்றவரை அவர் பெயரை நீக்கிவிட வேண்டும் என்ற விதியும் அதில் இருக்கிறது. எழுதிய எனக்கு அப்படி ஒரு பின்வாசல் உண்டு. எழுதப்பட்டவருக்கு இல்லை.

ஜூன் 20

"அப்படியானால் முழுக்கக் கற்பனையான நேர்வுகளையே எழுதிவிடலாமே" என்ற கருத்துக்கு: நானும் அடுத்ததாக அதைத்தான் செய்தேன். நான்கு நேர்வுகளை எழுதி ஒரு களப்பணி மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். நான்கிலும் குடிப்பழக்கம் உள்ளவர் ஆணாக இருப்பதையும், நான்கிலும் நான்காவது சந்திப்பில் நம்பிக்கை பிறந்துவிடுவதையும் அவர் கோடிட்டு அனுப்பினார். கற்பனைக்கு விட்டால் நம் மனத்தில் ஏற்கெனவே படிந்திருப்பதுதான் வருகிறது. அதை மாணவர்கள் உண்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இப்போது செய்து பார்க்கும் முறையைச் சொல்கிறேன். முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மனிதரிலிருந்து தொடங்குவதில்லை. மாணவர் எந்த முடிவை எடுக்கத் தடுமாற வேண்டுமோ அந்த இடத்திலிருந்து தொடங்குகிறோம். எடுத்துக்காட்டாக, தகவலை இரகசியமாகக் காப்பதா, ஆபத்தை உரியவருக்கு அறிவிப்பதா என்ற இடம். அந்த இடத்துக்கு வந்து சேரக்கூடிய பல வழிகளைப் பணியில் இருப்பவர்கள் நான்கைந்து பேர் தனித்தனியே சொல்கிறார்கள். எந்த ஒருவரின் கதையும் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு மேல் தொடர்ச்சியாக வராதபடி பிணைக்கிறோம். ஜூன் 15 அன்று எழுதிய கைரேகைக்கு எதிரான காப்பு இதுதான். பிறகு, ஒருகாலத்தில் சேவை பெற்றவராக இருந்த ஒருவர் அதைப் படிக்கிறார். மற்ற மதிப்பீட்டாளருக்குக் கொடுக்கும் அதே ஊதியம் அவருக்கும் உண்டு; அவர் விரும்பினால் ஆசிரியர் வரிசையில் அவர் பெயரும் வரும். அப்படிப் படித்த ஒருவர்தான் 'எதிர்ப்பு' என்ற சொல்லை முழு நூலிலும் தேடிப் பார்க்கச் சொன்னார். பதினேழு இடங்களில் இருந்தது. அவற்றில் பதினோரு இடங்களில் அந்த மனிதர் செய்தது, கேட்காமல் வந்த ஒரு அலுவலரிடம் கேள்வி கேட்டது மட்டுமே.

உண்மையான ஒருவர் தம் சொந்தக் கதையைத் தம் குரலிலேயே சொல்ல விரும்பும்போது அதைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை. அவற்றை நூலுக்கு வெளியே தனிப் பக்கத்தில், திறந்த உரிமம் இல்லாமல், எல்லா உரிமையும் சொல்பவருக்கே என்று வைக்கிறோம். நூலில் இணைப்பு மட்டும் இருக்கும். அவர் வேண்டாம் என்று சொல்லும் நாளில் பக்கம் போய்விடும். நூலில் இணைப்பு இருந்த வரி அங்கு ஒரு குரல் இருந்தது என்பதை மட்டும் காட்டும். ஒரு நூலின் உள்ளே எல்லாம் ஒரே உரிமத்தில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. 'வேறுவிதமாகக் குறிப்பிட்ட இடங்கள் நீங்கலாக' என்ற சொற்றொடர் உரிம அறிவிப்பில் இருந்தால் போதும்.

ஜூன் 27

மாணவர்களையே எழுத வைப்பது பற்றி. ஆசிரியர் ஒருவர் மட்டும் படித்து மதிப்பெண் போட்டபின் குப்பைக்குப் போகும் ஒப்படைப்புகளை வைலி 'தூக்கியெறியும் ஒப்படைப்புகள்' என்று 2013இல் அழைத்தார். அதற்கு மாற்றாக, அடுத்த ஆண்டு மாணவருக்கும் பயன்படும் ஒன்றை எழுதச் சொல்லும் முறை வளர்ந்தது. எங்கள் நூலின் சொற்களஞ்சியத்தில் பெரும்பகுதி மாணவர்கள் எழுதியது. பல விளக்கங்கள் நான் எழுதியவற்றைவிடத் தெளிவானவை, ஏனெனில் அந்தச் சொல் புரியாமல் இருந்த நாள் அவர்களுக்கு மறந்துவிடவில்லை.

ஆனால் இங்கும் ஒப்புதல் குறுக்கே வருகிறது. முதல் ஆண்டு, பருவத் தொடக்கத்திலேயே "உங்கள் எழுத்தைத் திறந்த உரிமத்தில் வெளியிடச் சம்மதமா?" என்று படிவம் கொடுத்தேன். அனைவரும் கையெழுத்திட்டார்கள். மதிப்பெண் போடும் கையில் இருந்து வரும் படிவத்தை யார் மறுப்பார்கள்? அதிகாரச் சமமின்மை பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுதிய நூலுக்காகவே இதைச் செய்தேன் என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. இப்போது மதிப்பெண்கள் வெளியான பிறகே கேட்கிறோம். கேட்பவர் அந்தப் பாடத்தைக் கற்பிக்காத வேறொருவர். சொந்தப் பெயர், புனைபெயர், பெயரே இல்லாமல், வெளியிடவே வேண்டாம் என்று நான்கு வாய்ப்புகள். இந்த ஆண்டு இருபத்து நான்கு பேரில் பதினைந்து பேர் மட்டும் சம்மதித்தார்கள். முதல் ஆண்டின் முழுச் சம்மதத்தைவிட இந்தப் பதினைந்தை நான் நம்புகிறேன்.

ஒரு மாணவர், தாம் வளர்ப்புக் குடும்பத்தில் இருந்த அனுபவத்தை ஒரு பத்தியாக எழுதிச் சொந்தப் பெயரிலேயே வெளியிட விரும்பினார். ஜூன் 15 நிலைப்பாட்டின்படி நான் அதை மறுத்திருக்க வேண்டும். அப்போது அந்த நிலைப்பாடு என்னிடம் இல்லை, வெளியிட்டோம். வேலைக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்ததும் பெயரை நீக்கச் சொன்னார். பெயரை நீக்கினோம். பத்தி இருக்கிறது. அவருக்கு அது போதுமா என்று கேட்டேன், போதும் என்றார். எனக்கு அது போதவில்லை.

ஜூலை 2

சூழல் வரைபடம் பற்றிக் கேட்டவருக்கு. 1975இல் ஆன் ஹார்ட்மன் உருவாக்கிய இந்தக் கருவியில், நடுவே குடும்பம் ஒரு வட்டமாகவும், சுற்றிலும் பள்ளி, பணியிடம், மருத்துவமனை, உறவினர் எனப் பல வட்டங்களும் இருக்கும். உறுதியான உறவுக்குத் தடித்த கோடு, மெலிந்த உறவுக்கு விட்டுவிட்ட கோடு, உரசல் உள்ள உறவுக்குக் குறுக்குவெட்டுக் கோடு. நாங்கள் அதைப் படமாக வரைந்து போட்டு, மாற்று உரையாக (படத்தைக் காண முடியாதவருக்காக எழுதும் விளக்க வரி) 'சூழல் வரைபடம்' என்று எழுதியிருந்தோம். திரைவாசிப்பான் கொண்டு படிக்கும் ஒரு மாணவர், "என் கருவி இரண்டு சொற்களைச் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போகிறது, வகுப்பில் அரை மணி நேரம் நீங்கள் பேசியது அந்த இரண்டு சொற்களுக்குள் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

உட்கார்ந்து எழுதினோம். 'குடும்பத்துக்கும் பள்ளிக்கும் இடையே உரசல். ஆற்றல் குடும்பத்திலிருந்து பள்ளிக்கு மட்டுமே செல்கிறது, திரும்புவதில்லை' என்பது போல ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வாக்கியம். பதினொரு கோடுகளுக்குப் பதினொரு வாக்கியங்கள் வேண்டியிருந்தன. எழுதி முடித்தபோது இரண்டு கோடுகளுக்கு எங்களாலேயே பொருள் சொல்ல முடியவில்லை. படத்தை நிரப்புவதற்காக வரைந்திருக்கிறோம். நீக்கினோம். இப்போது பார்வையுள்ள மாணவர்களும் படத்துக்குக் கீழே இருக்கும் அந்த வாக்கியங்களைத்தான் களப்பணி அறிக்கைக்கு முன்மாதிரியாகக் கொள்கிறார்கள். பூட்டிய நூலாக இருந்திருந்தால் அந்த மாணவர் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதி அடுத்த பதிப்புக்குக் காத்திருந்திருப்பார். இந்த ஒரு பக்கத்துக்காகவே நான் திறந்த நூலின் பக்கம் நிற்பேன்.

ஜூலை 4

தரத்துக்குச் சான்று என்ன என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண்களைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வு, திறந்த பாடநூலுக்கு மாறிய பாடங்களில் மதிப்பெண்கள் உயர்ந்ததையும், பொருளாதார உதவித்தொகை பெறும் மாணவர்களிடம் அந்த உயர்வு கூடுதலாக இருந்ததையும் காட்டியது. அது சமூகப்பணிப் பாடங்களில் செய்த ஆய்வு அன்று என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மினசோட்டா பல்கலைக்கழகம் 2012இல் தொடங்கிய திறந்த பாடநூல் நூலகத்தில் ஆசிரியர்கள் பத்து அளவுகோல்களின்படி எழுதும் மதிப்புரைகளைப் படிக்கலாம். பண்பாட்டுப் பொருத்தம் அவற்றுள் ஒன்று. நான் அந்தப் பத்தியைத்தான் முதலில் படிப்பேன்.

உழைப்புக்குக் கூலி என்ன என்ற கேள்வியும் வந்தது. பதவி உயர்வுக் கணக்கில் பெரும்பாலும் இது சேர்வதில்லை. இளம் ஆசிரியர்களை இரவு கண்விழித்து இலவசமாக எழுதச் சொல்லிவிட்டு அதைச் சமூகநீதி என்று அழைப்பதை நான் ஏற்கமாட்டேன். கற்பித்தல் நேரத்தைக் குறைத்துக் கொடுத்தால் எழுதுங்கள். கொடுக்காவிட்டால் ஒரு பக்கத்தை மட்டும் திருத்துங்கள்.

ஜூலை 11

முதல் கேள்வியைக் கேட்டவர், எங்கிருந்து தொடங்குவது என்று மீண்டும் எழுதியிருக்கிறீர்கள். நூல் எழுதத் தொடங்க வேண்டாம். ஆராய்ச்சி முறையியலுக்கு ஏற்கெனவே நல்ல திறந்த நூல் இருக்கிறது. அதில் ஒரு அத்தியாயத்தை எடுத்து, உங்கள் மாணவர்கள் ஒவ்வொரு ஆண்டும் தடுமாறும் ஒரு எடுத்துக்காட்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். மாற்றியதை முன்பக்கத்தில் எழுதுங்கள். அந்த எடுத்துக்காட்டில் மனிதர்கள் வந்தால், ஜூன் 20 குறிப்பை ஒருமுறை படித்துவிட்டு வெளியிடுங்கள்.

உங்களிடம் உள்ள ஸ்கேன் கோப்புகளில் எங்கள் நூலின் பழைய 6ஆம் அத்தியாயமும் இருப்பதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள். மாணவர்களுக்கு அனுப்பியிருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். புதிய நேர்வு இப்போது இரண்டு வாசகர்களின் கையில் இருக்கிறது. ஒருவர் கேட்ட கேள்விகளுக்கு இன்னும் எங்களிடம் விடை இல்லாததால் அடுத்த பதிப்பு தள்ளிப்போகலாம். அதுவரை 5ஆம் அத்தியாயம் முடிந்ததும் நேரே 7க்குச் செல்லலாம். இடையில் உள்ள நேர்காணல் பயிற்சி 6ஆம் அத்தியாயத்தைச் சார்ந்ததன்று. அதை மட்டும் தனியாக நடத்திக்கொள்ளலாம்.